பறங்கி என்றொரு சொல்

காரைக்குடியில் 'ஆயிரம் ஜன்னல் வீடு' என்று வழங்கப்படும் மாளிகை ஒன்று உண்டு. ஊருக்கு வருவோர் தவறாமல் கேட்டறிந்து சென்று பார்க்கும் வீடு அது. கம்பன் கழகம் 1939-இல் தொடங்கப்பெற்ற ஊர். தமிழ்த்தாய்க்குக் கோயில் எழுப்பிய ஊர். அந்த ஊரின் புகழ்பெற்ற வீடு தன் பெயரிலேயே ஒரு போர்த்துகீசியச் சொல்லைத் தாங்கி நிற்கிறது. 'ஜனேலா' என்ற போர்த்துகீசியச் சொல்லே நம் ஜன்னல். அந்த வீட்டைத் திறக்கும் சாவி 'ஷாவே' என்பதிலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் அலமாரி 'அர்மாரியு', மேசை 'மேசா'. கட்டடத்தை முன்னின்று எழுப்பிய மேஸ்திரியும் 'மெஸ்த்ரெ' என்னும் சொல்லின் தமிழ் வடிவமே.

செட்டிநாட்டுக்குக் கடற்கரை இல்லை. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து உள்நாட்டுக்குப் பெயர்ந்து வந்தவர்கள் என்பது அவர்களது மரபுவழிச் செய்தி. கடலை விட்டு விலகிவந்து அமைத்த ஊர்களுக்குள் கடல்வழி வந்த இச்சொற்கள் எப்படிப் புகுந்தன? புகுந்தபின் தம் அயன்மையை எப்படி இழந்தன? இவ்வினாக்களுக்கு விடை தேடுமுன், போர்த்துகீசியர் தம்மைக் குறிக்க வைத்துக்கொண்ட சொல்லையும், நாம் அவர்களுக்கு இட்ட பெயரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

கவிஞர் தந்த பெயர்

போர்த்துகல்லுக்குக் கவிதைப் பெயர் ஒன்று உண்டு: லூசித்தானியா. உரோமப் பேரரசின் மாகாணம் ஒன்றின் பெயர் அது. அம்மாகாணத்தின் எல்லையும் இன்றைய போர்த்துகல்லின் எல்லையும் ஒன்றல்ல. மாகாணத் தலைநகராயிருந்த மெரிதா இன்று ஸ்பெயினில் உள்ளது. இன்றைய போர்த்துகல்லின் வடபகுதியோ அன்று வேறு மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. ஆயினும் பதினாறாம் நூற்றாண்டின் இலத்தீன் புலவர்கள் தம் நாட்டுக்கு ஒரு பழம்பெருமை தேடியபோது இப்பெயரைப் புதுப்பித்துக் கொண்டார்கள். லூயிஸ் டி கமோயிஷ், வாஸ்கோ ட காமாவின் பயணத்தைப் பாடிய தம் காப்பியத்துக்கு 'லூசியதாஸ்' என்று பெயரிட்டு 1572-இல் வெளியிட்டார். லூசித்தானியர் வழிவந்தோர் என்பது அதன் பொருள். பத்துக் காண்டங்கள் கொண்ட அந்நூலின் இறுதிக் காண்டத்தில் நம் மயிலாப்பூரும், அங்கே புனித தோமையார் மாண்ட கதையும் இடம்பெறுகின்றன. அன்று முதல் போர்த்துகல் தொடர்பான எதையும் உயர்த்திச் சொல்ல விரும்புவோர் லூசித்தானிய என்ற அடையைச் சேர்ப்பது ஐரோப்பிய மொழிகளில் வழக்கமாயிற்று.

இச்சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் வாய்த்தது. 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் இயற்கையியலாளர் பிரித்தானியத் தீவுகளின் உயிரினப் பரவலை ஆராய்ந்தார். அயர்லாந்தின் தென்மேற்குக் கரையில் வாழும் சில செடிகொடிகளின் சுற்றத்தார் அண்டையிலுள்ள இங்கிலாந்தில் காணப்படாமல், கடலுக்கு அப்பால் ஸ்பெயினின் வடகரையில் காணப்பட்டது அவருக்கு வியப்பளித்தது. இத்தகைய உயிரினங்கள் பிற்பாடு 'லூசித்தானிய' இனங்கள் எனப் பெயர் பெற்றன. கில்லார்னி ஏரிக்கரையில் செந்நிறப் பழம் பழுக்கும் ஆர்பியூட்டஸ் மரம் அவற்றுள் ஒன்று. உடலெங்கும் புள்ளிகள் கொண்ட கெர்ரி நத்தை மற்றொன்று. ஓடில்லாத நத்தை இது. இவை அங்கே எப்படி வந்தன என்பது இன்றும் முடியாத விவாதம். பனியுகத்துக்குப் பின் நிலவழியாகவோ கடற்கரை வழியாகவோ தாமே பரவின என்பது ஒரு கருத்து. செம்பு தேடிக் கடல்வழி வந்த பழங்கால மனிதரோடு அம்மரம் வந்திருக்கலாம் என்பது மற்றொரு கருத்து. அவ்வாறாயின் இயற்கையின் கொடை என்று எண்ணப்பட்டதே மனிதரின் கைச்சரக்காகிவிடும்.

கடலிலும் இவ்வழக்கு உண்டு. பிஸ்கே விரிகுடாவுக்குத் தெற்கே, ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரை வரையுள்ள மிதவெப்பக் கடற்பகுதி லூசித்தானிய மாகாணம் எனப்படுகிறது. அங்குள்ள மீன்கள் லூசித்தானிய மீன்கள். கடல் சூடேறிவரும் இந்நாளில் அவற்றுட் சில வடகடலுக்கு நகர்ந்து பெருகுவதை ஆய்வாளர் கணக்கெடுத்து வருகிறார்கள். அவற்றுள் 'லூசித்தானியத் தவளைமீன்' என்றொரு மீன் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீன் பாறையிடுக்கில் கூடமைத்துக்கொண்டு, படகின் ஊதலொலி போன்ற ஒலி எழுப்பிப் பெண்மீனை அழைக்கும். இவ்வொலி கேட்கும் இடங்களுள் லிஸ்பனருகே டேகஸ் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் ஒன்று. 1497-இல் காமாவின் கப்பல்கள் புறப்பட்ட அதே ஆற்றுமுகம்.

மக்கள் தந்த பெயர்

இனி நம் சொல்லுக்கு வருவோம். தமிழில் போர்த்துகீசியருக்குப் புலவர் எவரும் பெயர் சூட்டவில்லை, மக்கள் சூட்டினார்கள். பறங்கி என்பது அப்பெயர். இதன் வேர் 'பிராங்க்' என்ற மேற்கு ஐரோப்பிய இனப்பெயர். சிலுவைப் போர்க்காலத்தில் மேற்கிலிருந்து வந்தோர் அனைவரையும் அரபியர் அப்பெயரால் 'ஃபிரஞ்சி' என்றனர். பாரசீகர் 'ஃபரங்கி' என்றனர். இந்தியப் பெருங்கடலின் துறைமுகங்களில் அரபியும் பாரசீகமும் பேசிய வணிகரிடமிருந்து அச்சொல் நம்மை அடைந்தது. அதே சொல் சீனம் வரை சென்று, அங்கே போர்த்துகீசியரையும் அவர்கள் கொண்டுவந்த பீரங்கி வகையையும் குறித்தது. ஆக, போர்த்துகீசியர் இந்நாட்டுக் கரையில் இறங்குமுன்பே அவர்களுக்கான பெயர் இக்கடலில் வழங்கிக்கொண்டிருந்தது.

பறங்கி ஊர்ப்பெயர்களில் நிலைத்தது. சென்னையில் தோமையார் மலை பறங்கிமலையாயிற்று. கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்று முகத்தில் அவர்கள் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறை, என்று பெயரிட்ட ஊர் நமக்குப் பறங்கிப்பேட்டையாயிற்று. இன்று இவ்விரண்டையும் இடையின ரகரமிட்டே பெரும்பாலும் எழுதுகிறோம். அந்த எழுத்து மாற்றத்தால் ஒரு மயக்கம் நேரக்கூடும். மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்துக்கும் பறங்கியருக்கும் தொடர்பேதுமில்லை; அது பரிபாடல் காலத்துப் பெயர். மயிலையின் 'லஸ்' என்ற பெயரும் லூசித்தானியாவின் சுருக்கமன்று. 1516 என ஆண்டு பொறித்த கல்வெட்டையுடைய ஒளி மாதா கோயிலின் 'லூஸ்' அது. அச்சொல்லுக்கு ஒளி என்று பொருள்.

பறங்கி நோயின் பெயரும் ஆயிற்று. மருந்தின் பெயரும் ஆயிற்று. கடல்வழி வந்த மேகநோயைப் பறங்கிப்புண் என்றார்கள். வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசம் அதனைப் பிரங்க ரோகம் என்கிறது. அந்நோய்க்கு மருந்தாகச் சீனத்திலிருந்து கப்பலேறி வந்த கிழங்கைச் சித்த மருத்துவர் பறங்கிப்பட்டை என்றழைத்தனர். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா டா ஓர்ட்டா 1563-இல் அங்கேயே அச்சிட்ட மருந்துப்பொருள் நூலில் அக்கிழங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். கமோயிஷின் கவிதைகளுள் முதலில் அச்சேறியதும் அந்நூலில்தான். காப்பியப் புலவரின் முதல் அச்சுக் கவிதை, பறங்கிப்பட்டையைப் பேசும் நூலில் அமைந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மரஞ்செடிகளுக்கும் இப்பெயர் சென்றது. பறங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துக் கொடி. நம் பழைய வெண்பூசணி வேறு. பிரேசிலின் அட்லாண்டிக் கரைமணலில் இயற்கையாக வளர்ந்த முந்திரியைப் போர்த்துகீசியர் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். மலையாளத்தில் அது பறங்கிமாவு. தமிழகத்திலோ முந்திரிக்குப் பெயர்போன பண்ருட்டிக்கும் பறங்கிப்பேட்டைக்கும் இடையே ஒரே மாவட்டத்தின் தொலைவுதான். அட்லாண்டிக் கரையின் மரம் வங்கக்கடற்கரையோரம் தனக்கேற்ற மணலைக் கண்டுகொண்டது.

சொல்லின் முள்

லூசித்தானியா என்ற சொல்லில் பெருமை மட்டுமே உண்டு. பறங்கி என்ற சொல்லில் ஓர் இழிப்பு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1619-இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் கைக்கு வந்தது. கடைசி மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1620-களில் திருகோணமலைக் கோணேசர் கோயில் இடிக்கப்பட்டு அதன் கற்கள் கோட்டைச் சுவராயின. இவற்றுக்கெல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கமோயிஷின் காப்பியம் எழுதப்பட்டுவிட்டது. இவற்றைக் கண்டவர்களின் வாயில் பறங்கி என்பது இனிய சொல்லாக இருந்திருக்க முடியாது.

அம்முள் எவ்வளவு கூர்மையானது என்பதை 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி உணர்ந்திருந்தார். மதம் மாற முன்வருவோரிடம் பறங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்கப்பட்டு வந்ததை அவர் கண்டார். மாட்டிறைச்சியும் மதுவும் கொள்ளும் இனம் என்ற பொருளில் மக்கள் அச்சொல்லைப் புரிந்துகொண்டிருந்தனர். இத்தாலியரான அவர், தாம் பறங்கியல்லர் என ஓலையில் எழுதித் தம் வீட்டு வாயிலில் அறிவித்தார். காவியணிந்து தத்துவ போதகர் ஆனார்.

செட்டிநாட்டை ஒட்டிய நிலத்தில் நடந்ததோ இன்னும் ஆழமானது. லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ தம்மைப் பண்டாரசாமியாக மாற்றிக்கொண்டு, அருளானந்தர் என்ற பெயரோடு மறவர் நாட்டுக்குள் நடந்தார். அன்று சிவகங்கை தனிச்சீமையாகவில்லை. எல்லாம் கிழவன் சேதுபதியின் ஆட்சிக்குட்பட்ட நிலம். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் இவரிடம் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு பிறரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதிக்கு உறவினர். வழக்கு அரண்மனைக்குப் போயிற்று. 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் அருளானந்தர் வெட்டுண்டு இறந்தார். தேவகோட்டையிலிருந்து திருவாடானைப் பக்கம் செல்வோருக்கு ஓரியூர் தொலைவிலில்லை. அந்த மண் சிவந்தது அவர் குருதியால் என்று நம்பி, மதவேறுபாடின்றி மக்கள் அம்மண்ணை எடுத்துச் செல்கிறார்கள். 1947-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். கமோயிஷின் பொருளில் அவர் முழு லூசித்தானியர். மக்கள் வழக்கின்படி ஒரு பறங்கி. ஆனால் இந்நிலம் அவரை நினைப்பது அருளானந்தர் என்றே. ஓர் அயலானைத் தன்னவனாக ஏற்கும்போது முதலில் உதிர்வது இனப்பெயர்தான் போலும்.

ஈழத்தில் மட்டக்களப்பில் இச்சொல்லின் மற்றொரு முகத்தைக் காணலாம். அங்கே பறங்கியர் என்பது வசையன்று. வாழும் ஒரு சமூகத்தின் பெயர். போர்த்துகீசிய வழித்தோன்றல்களான அவர்களிடையே போர்த்துகீசியக் கலப்புமொழி இன்றும் சிலர் நாவில் இருக்கிறது. மட்டக்களப்பையோ 'மீன்பாடும் தேன்நாடு' என்பார்கள். நிலவொளி இரவில் கல்லடிப் பாலத்தருகே நீருக்குள்ளிருந்து எழும் ஒலி மீனுடையதா சிப்பியினுடையதா என்பதில் இருவேறு கருத்துண்டு. டேகஸ் முகத்தில் குரலெழுப்பும் தவளைமீனை அறிந்தவர்களின் வழித்தோன்றல்கள், மீன்பாடும் மற்றோர் உப்பங்கழியின் ஓரத்தில் வாழ்கிறார்கள் என்பது தற்செயலே. ஆயினும் இனிய தற்செயல்.

அடையாளமிழந்த சொற்கள்

இப்போது செட்டிநாட்டு வீட்டுக்குத் திரும்புவோம். இம்மாளிகைகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே எழுந்தவை. போர்த்துகீசியரோ தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் 1658-லேயே டச்சுக்காரரிடம் இழந்துவிட்டார்கள். எனவே இம்மாளிகைகளைப் போர்த்துகீசியர் எவரும் கட்டவில்லை. பொருள்களும் அவர்கள் நாட்டிலிருந்து வரவில்லை. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, தரை ஓடு பக்கத்து ஆத்தங்குடியிலிருந்து. பெயர்கள் மட்டும் லிஸ்பனிலிருந்து வந்தவை. கப்பல்கள் போய் இருநூறு ஆண்டுகள் கழித்தும், அவை விட்டுச்சென்ற சொற்கள் புதிய வீடுகளில் குடியேறிக்கொண்டிருந்தன.

அயல்வரவுகளுக்குத் தமிழர் பெயரிட்ட முறைகளைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. சிலவற்றுக்குக் கொண்டுவந்தவர் பெயரையே இட்டனர்: பறங்கிக்காய், பறங்கிப்பட்டை. சிலவற்றின் பெயரை அப்படியே வாங்கி நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டனர்: அன்னாசி, சாவி, ஜன்னல், பொத்தான், பீப்பாய். சிலவற்றை முன்பே தெரிந்த பொருளோடு ஒப்பிட்டுப் புதுப்பெயர் படைத்தனர். மூன்றாவது முறையின் சிறந்த சான்று செட்டிநாட்டு அடுக்களையில் இருக்கிறது. மிளகைப் போல் உறைக்கும் காய் மிளகாய். மலபாரில் இதே காயைப் பறங்கிமுளகு என்றார்கள்; நாம் பறங்கியை விட்டுவிட்டோம். மிளகாயின்றி இன்று செட்டிநாட்டுச் சமையல் என்ற பெயரே இல்லை. பக்கத்து மாவட்டத்தின் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அமெரிக்கக் காய் ஐந்நூறு ஆண்டுகளுக்குள் இம்மண்ணின் சொந்தப் பொருளென்று சான்று பெற்றுவிட்டது. எனினும் நினைவு முற்றும் அழியவில்லை. பல குடும்பங்களில் சிராத்தச் சமையலில் மிளகாய் சேர்வதில்லை. பழைய மிளகே சேர்கிறது. முன்னோர்க்கு அவர்கள் அறிந்த உணவைத்தான் படைக்க வேண்டும் என்பது போலும். ஆனால் பறங்கி என்ற முத்திரை நீங்காத பறங்கிக்காயோ, தன் மஞ்சட்பூவை மார்கழிக் கோலத்துச் சாணிப் பிள்ளையார்மீது ஏற்றிவிட்டது. பெயரில் அயலாக நிற்பது வழிபாட்டில் அகமாகிவிடுவதும் உண்டு.

தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தோன்றிய பின், இச்சொற்களுக்கு மாற்று வழங்கப்பட்டது. சாளரம், திறவுகோல் ஆகியவை நல்ல சொற்கள். சாளரத்துக்கு முன்னரே காலதர், பலகணி என்ற சொற்களும் இருந்தன. அவற்றை எழுத்தில் ஆள்வதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஆயிரம் சாளர வீடு எங்கே என்று காரைக்குடியில் கேட்டால் வழி கிடைப்பது அரிது. அச்சொல் வந்த வழி அயல்வழியாயினும், அது இருக்கும் இடம் இவ்வூர்தான். மொழிக்கு ஊறு நேர்வது இச்சொற்களால் அன்று என்பது நம் துணிபு. ஊறு வேறு திசையிலிருந்து வருகிறது.

போர்த்துகீசியம் நமக்குத் தந்த சொற்களுள் 'ஏலம்' ஒன்று. 'லெய்லாவ்ங்' என்பதன் திரிபு. நறுமணப் பொருளான ஏலம் வேறு, அது நம்முடையதே. செட்டிநாட்டின் இன்றைய வரலாற்றை அந்த அயல் ஏலம்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. ஒரு வளவில் பங்குள்ளோர் பலர். அவர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் பிரிந்து வாழ்கிறார்கள். திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் பல. பேணுதற்குப் பொருளின்றியோ உடன்பாடின்றியோ வீடுகள் பிரிக்கப்படுகின்றன. தூண், நிலை, கதவு, ஜன்னல், அலமாரி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளை வந்தடைகிறது. வாங்குவோர் வேற்றூர் விடுதிகளுக்கும் மாளிகைகளுக்கும் கொண்டுசெல்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இடம் பெறுவது வேறு, ஓடு ஒழுகாமல் காப்பது வேறு. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்துள்ளன. அதனைக் குறைகூற நமக்கு மனமில்லை.

பொருள் பெயரும்போது அதன் பெயரும் பெயர்ந்துவிடுகிறது. ஒரு வளவில் எந்தச் சாவி எந்த அறைக்கு உரியது, அந்த அறை எந்த மகனுக்கு உரியது, அவன் எந்த ஊருக்குக் கொண்டுவிற்கப் போனான் என்பதெல்லாம் சாவிக்கொத்தோடு சேர்ந்த செய்திகள். கடையில் எடைபோட்டு விற்கும் சாவிக்கு அச்செய்தி எதுவும் இல்லை. பொருளாக அது பிழைத்திருக்கிறது. சொல்லாக அது ஊமையாகிவிட்டது.

சொற்களை இழக்காமல் வைக்க முற்பட்ட பழைய முயற்சி ஒன்று நமக்கு வழிகாட்டக்கூடும். அந்தாவ் டி ப்ரொவென்சா என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தமிழ்ச் சொற்களைத் திரட்டிப் போர்த்துகீசியத்தில் பொருள் எழுதினார். அவர் மறைந்தபின் 1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அது அச்சேறியது. கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1966-இல், தனிநாயகம் அடிகள் அதனை மறுபதிப்பாகக் கொணர்ந்தார். நம் சொற்களை ஒரு பறங்கியர் எழுதி வைத்தார். அதனை ஒரு தமிழர் மீட்டுத் தந்தார்.

நகரத்தார் எழுத்துக்குப் பேர்போனவர்கள். திருமணத்தில் இசைகுடிமானம் எழுதுவதும், சீர்ப்பொருள்களைப் பரப்பிப் பட்டியலிடுவதும் அவர்கள் வழக்கம். அந்தப் பழைய பட்டியல்கள் பெட்டகங்களில் இன்னும் இருக்கின்றன. வீடு ஏலத்துக்குப் போகும் நாளில் தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுவோர் உண்டு. தாளுக்கு விலை இல்லை, அது அடுப்புக்குப் போகிறது. அத்தாள்களையேனும் காப்பது கைகூடாத செயலன்று. எந்தப் பொருளுக்கு எந்த ஊரில் என்ன பெயர், அது யாருடைய அறையில் எதற்காக இருந்தது என்று முதியோரைக் கேட்டு எழுதி வைப்பதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. கதவைத் திறந்துகாட்ட ஓர் ஆச்சியும், எழுதிக்கொள்ள ஒரு பேத்தியும் போதும். போர்த்துகீசியரின் பெருமையைக் காக்க ஒரு காப்பியம் இருக்கிறது. அவர்களிடமிருந்து வாங்கி நமதாக்கிக்கொண்ட சொற்களின் கதையைக் காக்க நம்மைத் தவிர வேறு யாருமில்லை.